பந்து அவளவையிட்ட

முதல் பதினெட்டு நிமிடத்தில்
நான் பந்தை மூன்று தரம் தொட்டேன்.
ஒன்று, வெளியில் போனதை எடுத்து அவளவைக்கே கொடுத்தது.
மற்றது, அதுவாக வந்து முழங்காலில் பட்டது.
மூன்றாவதை எண்ண வேண்டாம்.
கை. விசில் ஊதிவிட்டார்கள்.

தெல்லிப்பழை. பின்னேரம் நாலு மணி.
சோளகம் செம்மண்ணை அள்ளி
வாய்க்குள் போட்டுக்கொண்டிருந்தது.
நாவாந்துறைப் பெட்டையள் பந்தை
சந்தையில் சில்லறை மாத்துகிற மாதிரி
தங்களுக்குள் மாத்திக்கொண்டிருந்தாளவை.
கொன்சியா யூடித்துக்கு,
யூடித் திரும்பக் கொன்சியாவுக்கு.
அவள் என்னை ஒருக்கால் பார்த்து
பாராத பக்கமாய்த் தட்டிவிட்டாள்.

பந்துக்கு இளைக்காது.
எனக்கு இளைக்கும்.

ஓடிக் களைக்கிறது எனக்குத் தெரியும்.
விடிய எழும்பித் தோட்டக்கரை றோட்டால்
ஆறு கிலோமீற்றர் ஓடுகிறவள் நான்.
அது நெற்றியில் உப்பாய்க் காயும்,
இரண்டு வாளி தண்ணியோடு போகும்.
இது வேற.
போய்ச் சேர முதல்
போக வேண்டிய இடம் மாறிப்போகிற களைப்பு.
பாமசியில் பத்து மணித்தியாலம் நிற்கிறேன்,
மருந்துச் சீட்டை நீட்டிவிட்டுத்
திரும்பி நின்று போனில் கதைக்கிற ஆட்களுக்கு முன்னால்.
அந்தக் களைப்புக்குத்தான் இது சொந்தம்.
ஓடுகிறவளின் கெண்டைக்காலைவிடக்
காத்திருக்கிறவளின் கெண்டைக்கால்
கெதியில் இறுகும்.

அரைமணி கடந்த பிறகுதான் கவனித்தேன்,
நாங்கள் கதைக்கிறதை விட்டிருந்தோம்.
"பின்னால ஆள்", "விடு, நான் போறன்",
ஒன்றும் இல்லை.
ஆளாளுக்கு ஒரு கிணறு.
கோலுக்குள் நின்ற சுரேந்தினி மட்டும்
ஆரையோ ஏசிக்கொண்டிருந்தாள்,
காற்றையாக்கும்.

அப்போதுதான் பந்து கிடைத்தது.
கிடைத்தது என்றால்,
யூடித்துக்கு வழுக்கி
என் காலடியில் வந்து நின்றது.
பட்டினி கிடந்தவள் மாதிரி
மெல்லாமல் விழுங்கினேன்.
ஓங்கி ஒரே அடி.
பனைக்கு மேலால் போய்
லொறி நின்ற பக்கம் விழுந்தது.
எங்கட சனம் கைதட்டிச்சுது.
எனக்கு வெட்கமாய் இருந்தது.
அரை நிமிடம்.
திரும்பவும் பந்து அவளவையிட்ட.

இடைவேளைக்கு நாலாய் வெட்டின தோடம்பழம்.
ஐஸ் பையைக் கழுத்தில் வைத்தபடி ஜெதுஷா கேட்டாள்,
"கோல் ஒண்டும் விழேல்லை.
பிறகேன் தோத்த மாதிரி இருக்கிறம்?"
பயிற்சியாளர் "இன்னும் ஓடுங்கோ" என்றார்.
நான் விதையைத் துப்பினேன்.

இரண்டாம் பாதியில் எத்தனையாம் நிமிடமோ தெரியாது,
பந்து வந்தபோது
அதன் தலையில் காலை வைத்தேன்.
அவ்வளவுதான்.
இரண்டு மூச்சு.
கொன்சியா வந்தாள், ஜெதுஷாவுக்குக் கொடுத்தேன்.
ஜெதுஷா திரும்ப எனக்கு.
நான் பின்னுக்கு, சுரேந்தினிக்கு.
"முன்னுக்குப் போங்கோடி!" என்று வேலிப் பக்கம் கத்தினார்கள்.
நாங்கள் எங்கேயும் போகவில்லை.
தொண்டைக்குள் நின்ற நெஞ்சு
இறங்கித் தன் இடத்துக்குப் போனது.
"பின்னால ஆள்" என்று ஜெதுஷா சொன்னாள்.
அந்த இரண்டு சொல்லும்
தண்ணி மாதிரி இருந்தது.

பந்தோடு கொன்சியா எவ்வளவு வடிவு!
பந்து இல்லாத கொன்சியா
பத்தே நிமிடத்தில் என்னைப்போல ஆனாள்.
வாய் திறந்து, கை இடுப்பில்,
வந்து சேர முதல் இடம் மாறி.
பக்கத்தில் அவள் மூச்சு கேட்டது.
அது என்னுடைய சத்தம்.
பாவமாயும் இருந்தது,
பாவம் பார்க்கவும் இல்லை.

முடிய ஆறு நிமிடம் கிடக்க
ஒரு கோணர் அடி, ஒரு தலை,
எங்கட வலைதான்.
ஒன்றுக்குப் பூச்சியம்.
பத்து நிமிடம் பந்தை வைத்திருந்ததற்குப்
புள்ளி தருகிற சட்டம் ஒன்றும் இல்லை.

குழாயடியில் கொன்சியா
சப்பாத்தைக் கழற்றிப் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அந்தப் பத்து நிமிசம் என்னடி செய்தனியள்?
எனக்குக் கால் கழண்டுபோச்சு."
"ஒண்டும் செய்யேல்லை."
அவள் நம்பவில்லை.

குழாயில் தண்ணி நின்றுவிட்டது.
என் போத்தலில் அரைவாசி இருந்தது,
நீட்டினேன்.
ஒரு மிடறு குடித்துவிட்டு
அவள் திரும்பத் தந்தாள்.