பத்தி 23

பெயரைச் சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
கேதீசன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
எனக்கும் அங்கே பெயரில்லை:
நாலு நாலு ஒன்று ஏழு,
தமிழ், தொலைபேசி வழி.

பள்ளத்தூரில் நான் குடியிருக்கும் வீட்டின்
இரண்டாங்கட்டில் சிக்னல் கிடைக்காது.
வளவில், வானம் தெரிகிற இடமாகப் பார்த்து
நாற்காலி போட்டால் மூன்று கோடு.
இரவு பதினொன்றரை. அவர்களுக்குப் பிற்பகல்.

அதிகாரி பொறுமையானவர்.
தண்ணீர் வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டார்,
இரண்டு முறையும் மொழிபெயர்த்தேன்.
நடுவில் தூறல் விழுந்தது.
அது என்ன சத்தம்?
மழை ஐயா.
வெளியிலா இருக்கிறீர்கள்?
இல்லை, வீட்டுக்குள்தான் என்றேன்.
நம்பினார்.

பிறகு கேதீசனிடம்:
அன்றிரவு அவர்கள் எதுவரை வந்தார்கள்?

“வளவுக்குள்ள வந்து நிண்டவை.
அம்மா லாம்பை நூத்துப்போட்டா.”

நூத்துப்போட்டா.
ஒரு கணம் தடுமாறி
அணைத்துவிட்டார் என்று பிடித்துக்கொண்டேன்.
பிடித்த பெருமையில்
முந்தின வரியை யோசிக்கவில்லை.
பத்துத் தூண்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு
அந்தச் சொல்லை எதற்கு யோசிப்பது?
வீட்டுக்குள் வந்து நின்றார்கள் என்றேன்
அவர்கள் மொழியில், தெளிவாக.
விசைப்பலகைச் சத்தம் கேட்டது.

ஏழு வாரம் கழித்து
முடிவைத் தமிழாக்க அதே ஏஜென்சி அனுப்பியது,
சொல்லுக்கு ஒன்றரை ரூபாய்.

பத்தி 23:
முதல் வாக்குமூலத்தில் விண்ணப்பதாரர்
படையினர் கிணற்றடியில் நின்றதாகச் சொன்னார்.
விசாரணையில் வீட்டுக்குள் என்றார்.
இது சிறிய முரண் அல்ல.
தன் வீட்டில் நடந்ததை ஒருவர் இப்படி மறப்பதில்லை.

பத்தி 31:
அச்சம் இருக்கலாம்.
அதற்குத் தக்க அடிப்படை உண்டென்று நிறுவப்படவில்லை.

கிணறு.

அவர்கள் ஊரில் வளவு என்றால்
வேலிக்கு உள்ளே கிடக்கிற மண்.
தென்னை, கிணறு, ஆடு கட்டுகிற இடம் எல்லாம்.
வீடு அதில் ஒரு ஓரமாக நிற்கும்.
ஒரே மொழி என்றுதானே
என்னை வேலைக்கு எடுத்தார்கள்.

மேல்முறையீட்டுக்குப் பதினைந்து நாள்.
பிழை என்னுடையது, அவருடையதல்ல
என்று ஏஜென்சிக்கு எழுதினேன்.
ஒலிப்பதிவு சரிபார்க்கப்பட்டது,
பிழை எதுவும் காணப்படவில்லை,
சரிபார்த்தவர் 4402.
அந்தக் குரலை எனக்குத் தெரியும். தேவகோட்டை.

வக்கீலின் முகவரி முடிவின் முதல் பக்கத்திலேயே இருந்தது.
அவரைத் தொடர்புகொள்ளக்கூடாது என்றும்
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பதினோராம் நாள்
காரைக்குடி கோர்ட் எதிரில், நோட்டரி
என் அஃபிடவிட்டை உதடு அசையப் படித்தார்.
கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“ஏம்மா, வளவுன்னா
வீட்டுக்குள்ளதானே?”

சொல்லத் தொடங்கினேன்.
பாதியில் கை காட்டி நிறுத்தி
“ஆதாரம் ஏதும் வச்சிருக்கீங்களா?” என்றார்.