பசியில்லாத வயல்

ஹெல்துரின் இரண்டு ஜட்டிகளைப் புதைத்தோம்,
மே மாதம், உறைபனி விட்ட மறுவாரம்.
வெள்ளைப் பருத்தி, கடையில் வாங்கிய புதுசு.
பழசு கேட்டதற்குத் தரமாட்டேன் என்றுவிட்டான்.

ஒன்று, முப்பது வருடம் உழுத பார்லி வயலில்.
மற்றது வேலியோரம்,
டிராக்டர் திரும்ப முடியாத மூலையில்,
குளோவரும் பேர் தெரியாத புல்லும் மண்டிய இடத்தில்.
சாண் ஆழம். அடையாளத்துக்கு ஒவ்வொரு குச்சி.

வோரு நகரச் சந்தைவரை சங்கதி போய்விட்டது.
முட்டை விற்கிற ஆய்மே கேட்டாள்:
"அறுவடை எப்போது?"

அறுபதாம் நாள் தோண்டினோம்.
வயலில் போட்டது முழுசாக வந்தது.
கொஞ்சம் கறை. துவைத்தால் நாளைக்கே போடலாம்.
நல்ல சரக்கு என்று சிரித்தான் ஹெல்துர்.

வேலியோரம் மண்வெட்டி பட்டதுமே
பொலபொலவென்று உதிர்ந்தது.
ஜட்டியைக் காணோம்.
இடுப்பு எலாஸ்டிக் மட்டும், நைலான் தையலோடு,
'நாற்பது டிகிரியில் துவைக்கவும்' என்ற துண்டோடு.
வளையத்துக்குள் ஒரு வேர் நுழைந்து போயிருந்தது.
அதைச் சுற்றி வெள்ளை இழை.
மிச்சமிருக்கும் நூல் என்று தொட்டேன்.
நூல் இல்லை. உயிர்.

வயல் மண்ணை ஒரு பிடி மோந்தான்.
பிறகு வேலி மண்ணை.
நெடுநேரம் மூக்கை எடுக்கவில்லை.

"மூட்டை மூட்டையாய்க் கொட்டினேனே,
யாருக்குக் கொட்டினேன்?"

எனக்குப் பதில் வரவில்லை.
எங்களை ஒருநாள் தின்னவேண்டிய மண்
ஒரு ஜட்டியை மெல்ல முடியாமல் கிடந்திருக்கிறது.

ஆகஸ்டில் பார்லித் தாளை அவன் புரட்டவில்லை.
அதன் மேலேயே குளோவர் விதை தூவினான்.
எலாஸ்டிக் வளையம் கொட்டகை ஆணியில் தொங்குகிறது.
அடுத்த மே மாதத்துக்கு
இன்னொரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன்.
அளவு கேட்டாள் கடைக்காரி.
எதுவானாலும் சரி என்றேன்.