ஓர் எண் குறைகிறது

தடா தாண்டியதும் போனுக்கு உயிர் கொடுப்பேன்.
ஷிப்ட் முழுக்க அது லாக்கரில் கிடக்கும்
சாப்பாட்டு டப்பாவுக்கும் துப்பட்டாவுக்கும் நடுவே.
தவறிய அழைப்புகள் பதினொன்று.
பன்னிரண்டாவது
ஆரம்பாக்கம் வருவதற்குள் வந்துவிடும்.

முதலில் தெலுங்கு. "வேதவல்லிகாரா?"
பிறகு தமிழ், மரியாதை கழன்ற தமிழ்.
திங்கட்கிழமை அவன் பெயர் கிரண்.
வியாழக்கிழமை வக்கீல் மோகன்ராவ்.
இரண்டு பேருக்கும் ஒரே இருமல்.
வக்கீல் ஆபீசிலும்
அதே குக்கர், அதே மூன்று விசில்.

கடன் என்னுடையதுதான். இல்லையென்று சொல்லவில்லை.
சுண்ணாம்புக்குளத்தில் குத்தகைக் குட்டை,
இறாலுக்கு மூச்சு கொடுக்க
நாலு சக்கரம், ஒரு மோட்டார்.
வெள்ளைப்புள்ளி வந்து மூன்றே நாளில்
எல்லாம் கரையோரம் ஒதுங்கிவிட்டது.
அன்றிரவும் கோதண்டம் மோட்டாரை நிறுத்தவில்லை.
யாருக்கு ஓடுது என்று கேட்டேன்.
தண்ணிக்கு என்றார்.

மாதம் இரண்டாயிரத்து இருநூறு,
கும்மிடிப்பூண்டி கிளையில் கட்டி
ரசீதை அரிசி டப்பாவில் போட்டுவைத்தேன்.
ஆடியில் கிளையை மூடிவிட்டார்கள்.
ஷட்டரில் ஒரு போன் நம்பர் ஒட்டியிருந்தது.
கூப்பிட்டேன். எடுத்தவன் இவன்.

"எவ்வளவு மீதி, வாங்குறது யாரு,
கையெழுத்துப் போட்டு ஒரு காகிதம் அனுப்புங்க.
டிராஃப்ட் எடுத்துத் தர்றேன்."
"காகிதமெல்லாம் கிடையாதும்மா.
கார்டு இருக்குல்ல?
முன்பக்கம் பதினாறு நம்பர், பின்பக்கம் மூணு.
ஆறு மணிக்கு சிஸ்டம் மூடிடும்.
இல்லேன்னா உன் சூப்பர்வைசர்கிட்ட பேசுறேன்.
உன் மாமியார் நம்பரும் இருக்கு."

அந்த அட்டையில்தான் ஏழாம் தேதி சம்பளம் இறங்கும்.
எட்டாம் தேதி வாடகை, பையனுக்கு வேன்.
ஒன்பதாம் தேதி மளிகை.
பத்தாம் தேதி மிஞ்சுவது
அட்டை.

பக்கத்து சீட் ஹசீனா போன மாதம் சொன்னாள்,
பதினாறையும், மூன்றையும்,
கடைசியில் குறுஞ்செய்தியில் வந்த ஆறையும்.
ஆறாயிரம் என்றவன் பதினாறாயிரம் எடுத்தான்.
ஏன் என்று கேட்கக் கூப்பிட்டால்
அந்த எண்ணில் மணி மட்டும் அடிக்கிறது.

நான் பெட்டி வரிசையில் வேலை செய்பவள்.
புதுப் போன் ஒவ்வொன்றுக்கும் பதினைந்து இலக்கம்.
கோணலாய் ஒட்டிய லேபிளை உரித்து
முன்கையில் ஒட்டிக்கொள்வோம்,
ஷிப்ட் முடிந்ததும் எண்ணிக் கொடுக்க.
இன்று ஒன்று விட்டுப்போய்
கையோடு பஸ் ஏறிவிட்டது.

"சரி, எழுதிக்கோங்க" என்றேன்.
ஹசீனா என் முழங்கையைப் பிடித்தாள்.
எட்டு. ஆறு. பூஜ்யம். நாலு.
ஹார்ன் சத்தத்துக்கு மேலே, நிதானமாக,
பள்ளியில் வருகைப்பதிவு படிப்பதுபோல.
அந்தப் பக்கம் விரல்கள் தட்டுகின்றன.
ஏழு. மூணு. மறுபடி மூணு.
அவனுக்கு மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.
கடைசியில் ஒன்பது.

"அப்புறம்?"
"அவ்வளவுதான்."
"பதினஞ்சுதாம்மா வருது. ஒண்ணு குறையுது."
"தெரியும்" என்றேன்.
"போன வருஷத்திலேருந்தே குறையுது."

ஹசீனா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள்.
அவன் திட்டவில்லை.
திட்டுவான் என்றுதான் காதிலிருந்து
போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்திருந்தேன்.
நாலாவது விசில் கேட்டது.

"அடுப்ப அணைங்க சார், அடிபிடிச்சிடும்."

அவன் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.
செருப்புச் சத்தம் தூரம் போனது,
எதையோ நகர்த்தி, திரும்பி வந்தது.
இருமினான்.
"அட்ரஸ் சொல்லுங்க" என்றான்.

காகிதம் அனுப்பவா, ஆள் அனுப்பவா,
அதைச் சொல்லவில்லை.
ஆனால் 'சொல்லுங்க' என்றான்.

ஸ்டாப்பிங் வந்துவிட்டது.
லேபிளை உரித்தேன்.
முன்கையில் அது இருந்த இடம்
சதுரமாக வெளுத்திருந்தது.