செவ்வாயும் புதனும்

பெர்கனில் மழையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.
வணிகப் பள்ளியின் மூன்றாம் மாடி,
நடைவழியின் கடைசியில் என் அறை.
கதவில் இரண்டு பலகைகள், ஒரே ஆணி.
திங்களும் புதனும் ‘நடத்தை விதிகள்’.
செவ்வாயும் வியாழனும் ‘மாணவர் நலம்’.
ஆட்குறைப்பு நடந்த ஆண்டில்
இரண்டும் என் தலையில் விழுந்தன.
ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள்.
இருக்கும்.
உறைக்குத்தான் வலிக்கும்.

நலத்துக்கு மஞ்சள் விளக்கு, காகிதக் கைக்குட்டைப் பெட்டி.
நடத்தைக்குக் குழல்விளக்கு, தண்ணீர்க் குவளை.
நாற்காலிகள் அதேதான்.

செவ்வாய், நாலு மணி. ஒட்னி வந்தாள்.
ஈரக் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.
சரியாகத் தூங்கிப் பதினோரு நாளாச்சு, என்றாள்.
பிறகு மேசை விளிம்பிடம் சொன்னாள்:
எய்விண்ட் குளிக்கப் போயிருந்தான்,
அவன் மடிக்கணினியிலிருந்து எடுத்தேன்,
முழுக் கோப்பையும். அவனுக்குத் தெரியாது.

சால்மன் பண்ணை ஒன்றை விலைமதிக்கும் பயிற்சி அது.
நாற்பத்தேழாம் வரியில்
டன் விலை போடவேண்டிய கட்டத்தில் கிலோ விலை.
இரண்டு கோப்பிலும் அதே பிழை.
ஆயிரத்தில் ஒரு பங்குக்கு
விற்றுப்போயிற்று ஒரு கடல் பண்ணை,
அதுவும் இரண்டு தடவை, என்று சிரித்தாள்.
சிரிப்பு பாதியில் உடைந்தது.
பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினேன்.
ஆலோசகர் பெயரும் நேரமும் எழுதிய சீட்டைக் கொடுத்தேன்.

நாளைக்கு நீங்களும் அங்கே இருப்பீர்களா?
இருப்பேன், குறிப்பெடுக்க.
அப்போ இது?
இது இங்கேயே இருக்கும், என்றேன்.
பிரிவு ஒன்பது அப்படித்தான் சொல்கிறது,
நானே தட்டச்சு செய்த பிரிவு.

புதன், பத்து மணி. குழல்விளக்கு.
பேராசிரியை ஹால்டிஸ், வழக்கறிஞர் ஸ்டைனார்,
மாணவர் தரப்பில் டையை இறுக்கிக் கட்டிய ஒரு பையன்.
கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டான் எய்விண்ட்:
நான்தான் அவளிடமிருந்து காப்பியடித்தேன்.
ஒட்னியின் கைகள் மேசைக்கு அடியில் போயின.
எழுதினேன்: நான்தான் அவளிடமிருந்து.
குறிப்பெடுப்பவள் எழுதுவது சொன்னதை,
நடந்ததை அல்ல.
பேனா தடங்கலில்லாமல் ஓடியது.
அதுதான் எரிச்சலாக இருந்தது.

ஏன் கிலோ விலை? ஹால்டிஸ் கேட்டார்.
அவசரத்தில் போட்டுவிட்டேன், என்றான்.
காப்பியடித்தவனுக்கு ஏது
அவசரத்தில் வந்த சொந்தப் பிழை?
ஒருவரும் கவனிக்கவில்லை.
நான் கவனித்தேன், எழுதினேன்,
அடிக்கோடு போடவில்லை.

ஒரு பருவம் நீக்கம், என்றார் ஸ்டைனார்,
மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்ட குரலில்.

எனக்குத் திறந்திருந்தது ஒரே ஒரு வழி.
கையெழுத்துக்கு முன்னால்
பிரிவு பதினான்கை வாசித்தாக வேண்டும்.
வழக்கமாக மூக்கால் முணுமுணுத்து முடித்துவிடுவேன்.
இன்று எழுந்து நின்றேன்.
எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளையைப் போல
ஒவ்வொரு சொல்லாக:

இரு தரப்பில் எவரும்
கையெழுத்துக்கு முன்
ஒத்திவைப்புக் கேட்கலாம்.
காரணம் சொல்லத் தேவையில்லை.

கடைசி வாக்கியத்தை இரண்டு முறை வாசித்தேன்.
ஸ்டைனார் நிமிர்ந்து பார்த்தார்.
அச்சில் இரண்டு தடவை வந்துவிட்டது போலிருக்கிறது,
என்று மென்று விழுங்கினேன்.
பதினேழு வருட வேலையில்
அதுதான் என் முதல் பொய்.

குவளைத் தண்ணீரில் குழல்விளக்கு
வளைந்து கிடந்தது.
எய்விண்ட் பேனாவை எடுத்துவிட்டான்.

ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது.
யாருடையது என்று குறிப்பில் இல்லை,
நேரம் மட்டும் இருக்கிறது: பதினொன்று ஆறு.

நாளை வியாழன்.
போகும்முன் பலகையைத் திருப்பி மாட்டினேன்.
ஆணி கொஞ்சம் ஆடுகிறது.