இருபது எழுத்து

இரவு இரண்டு பதினேழு.
ஃபெர்ன்வேல், பதினோராம் மாடி.
துப்புரவு நிறுவனம் ஒன்றின் சம்பளக் கோப்பு,
ஆயிரத்து நூற்று நாற்பது பேர்,
வங்கி வாசலில் நின்றுவிட்டது.
இன்று ஏழாம் தேதி, வெள்ளி.
ஆறு மணிக்கு வங்கி அள்ளிக்கொண்டு போகும்.
விட்டால் திங்கள்தான்.

எங்கே சிக்கியது என்று தெரியும்.
யாரோ ஒருவரின் கணக்கு எண்ணின் வாலில்
ஒட்டிக்கொண்ட ஒரு வெற்றிடம்.
அதை அழிக்க உள்ளே போகவேண்டும்.
உள்ளே போகச் சாவியை
அலுவலக அரட்டையில்தான் கேட்கவேண்டும்.

கேட்டேன்.
விசைப்பலகை தமிழில் கிடந்தது,
மாற்றத் தோன்றவில்லை.
காரணப் பெட்டியில் அப்படியே அடித்தேன்:
சம்பளம் இன்று வரணும்.
எனக்குப் பன்னிரண்டு எழுத்து.
இயந்திரமோ
புள்ளியை, சுழியை, நடுவில் விட்ட இடத்தைத்
தனித்தனியாய் எண்ணிப் பார்த்து
இருபது, சரி என்றது.

பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும்
என் திரைக்கே வந்து நின்றன.
பச்சையைத் தொட்டேன்.
கேட்டவரே அனுமதிக்க இயலாது.

அந்த வாக்கியத்தை எழுதியவள் நான்.
போன நவம்பர், சிராங்கூன் சாலையில் ஒரு கல்யாணப் பந்தி.
வலக்கையில் ரசம்.
இடக்கைப் பெருவிரலால் ஒருவனுக்குச் சரி சொன்னேன்,
என்ன கேட்டான் என்று படிக்காமல்.
பாயசம் வருவதற்குள்
ஓர் அட்டவணையே இல்லாமல் போயிருந்தது.
அப்புறம் போட்டதுதான் எல்லாம்.
இரண்டு பேர், அரை மணி நேரம்,
காரணம் குறைந்தது இருபது எழுத்து.

ஷு ஹுவி விடுப்பில், ஹொக்கைடோ பனியில்.
கைரிலை நான்கு தடவை அழைத்தேன்.
மணி அடித்து அடித்து ஓய்ந்தது.
மூன்று மணி ஆனது. மூன்றரை ஆனது.

ஜனவரியில் வேலையை விட்டுப்போன ஒருவரின் சாவி
இன்னும் திறக்கும்.
எனக்கு மட்டும் தெரியும்.
விரல் அதன் பெயரில் மூன்று எழுத்து வரை போனது.
அழித்துவிட்டு
அதை மூடச்சொல்லி ஒரு வேலைச்சீட்டு எழுதினேன்.
கோப்பி ஓ போட்டேன், சர்க்கரை போட மறந்தேன்.
நோன்பு மாதம் என்று அப்போதுதான் நினைவு வந்தது.
சஹருக்கு எழுவான்.

நான்கு முப்பத்தெட்டு.
அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி.
தட்டிவிடுவான் என்று பார்த்தேன்.
இது என்ன எழுதியிருக்கிறாய் மதி, என்றான்.
மலாயில் ஒரு சொல் போட்டேன்: காஜி.

சற்று நேரம்
தட்டச்சு செய்கிறார், தட்டச்சு செய்கிறார்.
பிறகு வந்தது:
ஒரு வரிக்கு எதற்கு மொத்த வீட்டுச் சாவி?

நான் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி.
காது சூடானது.
சிவப்பை அழுத்தினான்.
ஒரே அட்டவணை, பதினைந்து நிமிடம் என்று
மறுபடி கேட்டேன்.
பச்சை.

வேலை நான்கு நிமிடத்தில் முடிந்தது.
கோப்பு நகர்ந்தது.
மீதிப் பதினொரு நிமிடம்
சாவி என்னிடமே இருந்தது, எதற்கும் இல்லாமல்.
கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து
மடியில் வைத்துக்கொண்டேன்.
கீழே எல்ஆர்டி பாதையில்
விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

அணுகல் முடிந்தது, என்றது அரட்டை.
கைரில் ஒரு படம் அனுப்பினான்:
நேற்றைய நாசி கோரெங், மேலே புது முட்டை.

ஜூலையில் தணிக்கைக்காரர் வருவார்.
பதிவேட்டில் விரலை வைத்து
இந்தச் சுழியெல்லாம் என்ன என்பார்.
காரணம், ஐயா.