ஐம்பதுக்குக் கீழே

எண்ணூர் விரைவுச் சாலையில் இரவு இரண்டே முக்கால்.
ஜீரோ கேட் வரைக்கும் எனக்கு முன்னால் நூறு டிரெய்லராவது இருக்கும்,
பின்னால் எத்தனையென்று பார்க்கவில்லை.
நான் இழுக்கும் பெட்டிக்குள் என்னவென்றும் தெரியாது.
சீலை உடைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

போனில் பியூலா:
நூத்தி ஒண்ணு காட்டுது. மருந்து குட்த்துட்டேன்.
மூச்சுதான் வேகமா வாங்குறாப்புல கீது.

ரெபிக்குப் பதினோரு மாதம்.

முதல் தடுப்பூசியன்று தண்டையார்பேட்டையில்
அவள் நெஞ்சில் காது வைத்துவிட்டு, பயந்துபோய்க் கேட்டேன்:
நூத்தி இருபதுக்கு மேல அடிக்குதே, சிஸ்டர்?
நூர்ஜகான் சிஸ்டர் பஞ்சைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்,
உனக்கு எழுபது. அவளுக்கு
நூத்தி இருபதுதான் எழுபது.
புரிந்தது.
சின்ன என்ஜின். ஐட்லிங்கே அதிகம்.

மூச்சுக்கும் ஒரு கணக்கு எழுதிக் கொடுத்தார்.
அந்தச் சீட்டு இப்போது என்னிடம்,
கண்ணாடிக்கு மேலே, மாதா படத்துக்குப் பின்னால்,
டீசல் கறையோடு.

ரெண்டு மாசத்திலிருந்து ஒரு வயசு வரை:
ஐம்பதைத் தொட்டால் கிளம்பு.
அழும்போது எண்ணாதே.
கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்காதே,
பிள்ளை மூச்சு
மீட்டர் போட்டு ஓடாது.

வீட்டுக் கடிகாரத்தில் நொடிமுள் கழன்று
கண்ணாடிக்குள்ளேயே கிடக்கிறது.
போனில் நான் இருக்கிறேன்.
நீ வயித்தப் பாரு, நான் டைம் பாக்குறேன்.
பனியனத் தூக்கு. ஏறி எறங்குனா ஒண்ணு.
சரி. இப்போ.

அந்த நேரம் பார்த்தா
முன் வண்டி நகர வேண்டும்?
மூன்று மணி நேரமாக அசையாத வண்டி.
எதிரே வெறும் சாலை திறந்து கிடக்க
பிரேக்கின் மேல் உட்கார்ந்திருந்தேன்.
பதினொன்று, பன்னிரண்டு நொடி.
பின்னால் ஹாரன், அதன் பின்னால் ஹாரன்.
போனுக்குள் கொருக்குப்பேட்டை கூட்ஸ் ரயில்,
அதற்கடியில் பியூலாவின் உதடு,
எண்ணை விடாமல்.

கதவில் அடி விழுந்தது.
பின்வண்டி கிளீனர். என் அம்மாவில் ஆரம்பித்தான்.
போனைக் காட்டினேன்:
கொயந்த மூச்சு. எண்ணிக்கினு கீறா.
பாதி வார்த்தையோடு நின்றான்.
கதவிலிருந்து கையை எடுக்கவில்லை,
அந்தக் கையில் கட்டியிருந்த வாட்சைப் பார்த்தான்.
இன்னும் இருவது, என்றான் மெதுவாக.
திரும்பித் தன் வண்டிக்குக் கையைத் தூக்கினான்.
ஒரே ஒரு ஹாரன் நின்றது.
மற்றதெல்லாம் அடித்துக்கொண்டேயிருந்தது.

நிறுத்து.

நாப்பத்தி நாலு.

வெலா உள்ள இழுக்குதா?
இல்ல.
பால் குடிச்சாளா?
கடிச்சிக்கினே குடிச்சா.

எத்தினி, என்றான் கிளீனர்.
சொன்னேன்.
நம்மளுக்கு எத்தினி இருக்கணும்?
சீட்டைப் புரட்டிப் பார்த்தேன்.
நம்ம வயசு இதுல இல்லப்பா.
சிரிக்காமல் தலையாட்டிவிட்டுப் போனான்.

அரை மணி கழிச்சு மறுபடி எண்ணலாம், தூங்கிடாத,
ஐம்பதாச்சுன்னா எனக்காக நிக்காத,
ஆட்டோ புடிச்சு ஸ்டான்லிக்குப் போயிடு என்றேன்.
கியரைப் போட்டேன்.
அரை மணிக்குள்
இன்னும் நாற்பதடி போயிருப்பேன்.