அரைப்பேர்

மாதத்தில் இரண்டாம் ஞாயிறு,
ஹட்டனில் பெயின்ட் கடைக்கு மேல்மாடி.
தகரத்தில் மழை இறங்கினால்
பேச்சை நிறுத்திவிட்டு
ஐந்து பேரும் சுவரைப் பார்ப்போம்.

நான் பட்டம் வாங்கி மூன்று வருஷம்.
தொண்டர் என்று அட்டை தந்திருக்கிறார்கள்.
வழிகாட்டி என்று யாரும் கூப்பிட்டால்
கண்டியில் வெள்ளைக்காரருக்குக் குடை பிடித்து
மாளிகை காட்டுகிறவரின் ஞாபகம் வருகிறது.

புவிதரனுக்குப் புள்ளிவிபரவியல் மறுபடியும் போய்விட்டது.
எனக்கும் போனது, முதல் வருஷம், என்றேன்.
நம்பவில்லை.
அடுத்த மாதம் பெறுபேற்றுத் தாளை எடுத்து வந்து காட்டிய பிறகுதான்
கொப்பியைத் திறந்தான்.
இதுவரை நான் கற்றுக்கொடுத்ததில் உருப்படியானது
அந்தத் தாளில் உட்கார்ந்திருக்கும்
ஒற்றை ஈ.

லோஜிதாவும் அபிஷாவும் நனைந்துகொண்டு வந்தார்கள்,
பஸ் இல்லை, ஒரு மணித்தியாலம் பிந்தி.
வரவுப் பதிவில் என்ன போடுவது?
"அரைப்பேர் போடுங்க அக்கா" என்றாள் பிரஷோபினி.
சிரித்தோம்.
கொழுந்து நிறுவை குறைந்த நாளில்
எங்கள் அம்மாமாருக்கு விழுவது அது.
சிரித்து முடிந்ததும்
யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அன்றைக்கு அவளுடைய சுயவிபரக்கோவை.
கொழும்பில் ஒரு கம்பெனி, ஆறு மாதப் பயிற்சி.
முகவரி மட்டும் ஐந்து வரி:
ஏழாம் இலக்கம்,
நாலாம் லயம்,
கீழ்ப்பிரிவு,
ஊசிப்பாறைத் தோட்டம்,
நோர்வூட்.

பென்சிலால் நாலு வரியை வெட்டினேன்.
"நோர்வூட் போதும்."
"அப்ப கடிதம் எனக்கு எப்பிடி வரும்?"
"தோட்டத்து ஆபிசுல ஊறிக் கிடந்து
நேர்முகம் முடிஞ்ச பிறகு வரும்.
தெரிஞ்ச கடை முகவரி போடு.
நானும் அப்பிடித்தான்."

நானும் அப்படித்தான்.
பேராதனையில் நாலு வருஷம்
ஒரு பலசரக்குக் கடையின்
மேற்பார்வையில் வாழ்ந்தேன்.
கடிதம் ஒன்றும் தொலையவில்லை, அது உண்மை.
ஆனால் விடுதியில், கன்டீன் வரிசையில்,
எந்த ஊர் என்று கேட்டவர்களுக்கும்
கடையின் ஊரையே சொன்னேன்.
அவர்கள் யாரும்
எனக்குக் கடிதம் எழுதப் போகிறவர்கள் அல்ல.

பிரஷோபினி சண்டைக்கு நிற்கவில்லை.
அழிறப்பரை எடுத்தாள்.
என் கோடுகளை மட்டும்,
எழுத்து கசங்காமல், ஓரம் ஓரமாக அழித்தாள்.
தூளை ஊதினாள்.
"மத்தப் பிழைகளச் சொல்லுங்க அக்கா."

மற்றப் பிழைகள் இரண்டு.
ஒரு காற்புள்ளி. சாதாரண தரம் எழுதிய வருடம்.
அதற்குள் மழை விட்டிருந்தது,
கீழே ஷட்டரை இழுக்கிறார்கள்.

இரவு, சங்கத்துக்கு அனுப்ப வேண்டிய படிவம்.
வழிகாட்டிய மணித்தியாலம்: மூன்று.
மாணவரிடம் கண்ட முன்னேற்றம்:
(இதைக் கடைசியில் பார்ப்போம்.)
தொண்டரின் நிரந்தர முகவரி:

அம்மாவுக்கு அழைத்தேன்.
"நம்ம லயத்துக்கு இப்ப எத்தனையாம் நம்பரு?
தகரம் மாத்துனப்ப அதையும் மாத்துனாங்களே."
செருப்பு தேடுகிற சத்தம்,
கதவு, ஈரக்காற்று, பக்கத்துக் காம்பிரா நாய்.
டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

"பதினொன்னு.
ஏன், யாரும் வர்றாங்களா?"